கூப்பிடாத காக்கை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பீங்கான் கம்பெனியின் பேக்கிங் கொட்டகையில் வைக்கோல் குறைய ஆரம்பிக்கும். கோப்பைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அடுக்குவது அம்மாவின் வேலை. யாரோ மாட்டுக்குத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று மேஸ்திரி வருஷம் தவறாமல் கத்துவார். திருடுவது சிட்டுக்குருவியும் மைனாவும் காக்கையும்தான் என்று அவருக்கும் தெரியும். கத்தாமல் இருந்தால் மேஸ்திரி என்று யார் மதிப்பார்கள்?

நான் அடுத்த கொட்டகையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஈரம் காயாத கோப்பையில் ஈரம் காயாத கைப்பிடியைக் களிக்குழம்பு தொட்டு ஒட்ட வேண்டும். கண் அங்கே இங்கே போனால் கைப்பிடி கோணிக்கொள்ளும். என் கண் போய்க்கொண்டேதான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கொட்டிக் கிடந்த களிமண் மேட்டில் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டும் காலம் அது. பச்சை உடம்பும் வாலில் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இறகுமாக வேலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்று எம்பிப் போய்த் தும்பியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அடித்துக் கொன்று, வளைக்குள் நுழையும். குஞ்சுகள் வெளியே வரும்வரை மேட்டின் அந்தப் பக்கத்தில் யாரும் மண்வெட்டி வைக்கமாட்டார்கள். அப்படி ஓர் உத்தரவு கிடையாது. மறுபக்கமாக வெட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

முந்திரித் தோப்புப் பக்கமிருந்து பூ வாசனை வரும். சூளைப் புகையையும் தாண்டி வரும். குயில் விடியற்காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை நிறுத்தாது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வற்றி அங்கங்கே குட்டையாக நிற்க, மீன்கொத்திக்குக் கொண்டாட்டம். கீரிப்பிள்ளை ஒன்று தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு உடைந்த பீங்கான் குவியலுக்குள் குடிவந்திருந்தது. எனக்கு இதையெல்லாம் பார்க்கப் பிடிக்கும். இத்தனை உயிர்களும் நம்மைக் கேட்காமல் தம் பாட்டுக்கு வாழ்கின்றன என்பதில் ஒரு சந்தோஷம்.

ஆனால் சிட்டுக்குருவிகளை மட்டும் அப்படிப் பார்க்க முடியாது. அரைத்து வைத்திருக்கும் வெள்ளைக்களி மாவில் அவை புரண்டு குளிக்கும். எழுந்து பறக்கும்போது தலை முதல் வால் வரை வெள்ளையாக இருக்கும். குருவி செத்து அதன் ஆவி கூரைக்குப் போகிறது என்று தோன்றும். கூட வேலை செய்கிற பெண்களிடம் சொன்னால், உன் புத்தி எப்போதும் அங்கேதான் போகும் என்பார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் பங்குனி வந்தாலே அந்தப் பேச்சுதான், பேசாவிட்டாலும்.

அப்பா சூளைக்குக் கரி தள்ளுகிறவர். அறுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பங்குனிக் காலையில் ராத்திரி வேலை முடிந்து வந்தார். குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எந்தப் பக்கம் தேடுவது என்றாவது தெரிந்திருக்கும்.

ஆற்றங்கரை, ரயிலடி, மங்கலம்பேட்டைச் சந்தை, சொந்தக்காரர் வீடுகள் என்று எல்லா இடமும் தேடினோம். ஒரு ஜோசியர் வடக்கே இருக்கிறார் என்றார். இன்னொருவர் தண்ணீரில் பார் என்றார். வருஷங்கள் போயின. அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் நிறுத்தினாள். அப்பா இருந்தவரை ஒவ்வொரு அமாவாசையும் தன் தாய் தகப்பனுக்குப் பின்பக்கச் சுவரில் இலை போட்டுச் சோறு வைத்து, கா கா என்று கூப்பிடுவார். செத்தவர்கள் காக்கையாக வந்து சாப்பிட்டுப் போன பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாடு. அவர் போன பிறகு அம்மா சோறு வைக்கவில்லை. தினமும் வைக்கிற ஒரு பிடியைக்கூட வைக்கவில்லை. எங்கள் லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி, நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்காது, மாமனார் மாமியாரைப் பட்டினி போடலாமா என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கூப்புட்டு, அவரும் வந்துட்டா?"

பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். அதே பங்குனியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தில் ஒரு ஜோடிக் காக்கை கூடு கட்ட வந்தது. பேக்கிங் கொட்டகை வைக்கோல், பெட்டி கட்டுகிற கம்பித் துண்டு, எல்லாம் கம்பெனிச் சரக்கு. ஜோடியில் ஒன்று, யாரும் கூப்பிடாமலே, காலைச் சங்கு ஊதி ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தில் எங்கள் சமையற்கட்டு வாசலில் வந்து உட்காரும். கத்தாது. தலையைச் சாய்த்து உள்ளே பார்க்கும். அப்பா வேலை முடிந்து வருகிற நேரம் அது. நானும் அம்மாவும் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் துடைப்பத்தைத் தூக்குவாள், அது போகும். மறுநாள் வரும்.

அம்மா கோழியைச் சனியனே என்றுதான் விரட்டுவாள். நாயை அதைவிட மோசமாக. ஒருநாள் அந்தக் காக்கையைப் பார்த்து, "போங்க" என்றாள். சொல்லிவிட்டுத் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீடு கருவேப்பிலங்குறிச்சி. நிலமும் மாடும் உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா வந்து, காப்பியெல்லாம் குடித்து, என் கைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள். பெண்ணைத் தாரை வார்க்க யார் நிற்பது? தாய் சுமங்கலியா இல்லையா? ரெண்டில் ஒன்று தெரியாமல் மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது, நாளைக்கு ஏதாவது என்றால் எங்கள் பிள்ளைக்குத்தானே, என்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவர்கள் தெருத் திரும்புவதற்குள் சொல்லிவிட்டேன். அம்மாதான் என்னை அடக்கினாள். அவங்க கேட்டதில் என்ன தப்பு, நானும் அதைத்தானே இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு வழி சொன்னாள். சித்திரை அமாவாசையன்று அவர் பேரைச் சொல்லிச் சோறு வை. காக்கை எடுத்தால் போய்விட்டார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் எங்கேயோ உயிரோடு இருக்கிறார், நீ மஞ்சள் பூசிக்கொண்டு மணவறையில் போய் நில். காக்கை என்றால் சோற்றை எடுக்கத்தானே செய்யும், இதில் என்ன தெரிந்துவிடும் என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? அம்மா சரி என்றுவிட்டாள்.

அன்றைக்கு உச்சி வெயிலில் அம்மா தலைக்குக் குளித்து, அப்பாவுக்குப் பிடித்த முருங்கைக்காய்ச் சாம்பாரும் வடையுமாக இலையைச் சுவரில் வைத்தாள். லைன் வீட்டுப் பெண்கள் அவரவர் பின்வாசலில் நின்றார்கள். நான் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வராதே, வராதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்பா உயிரோடு வேண்டும். அம்மா மணவறையில் என் பக்கத்தில் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அம்மா கா கா என்று கூப்பிட்டாள். வழக்கம் விட்டுப்போனதால் குரல் சரியாக வரவில்லை. முதலில் வந்தது அணில். பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் விரட்டினாள். அப்புறம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுக்கொண்டு பருக்கைகளைச் சிதறடித்தன. அவற்றையும் விரட்டினாள். கூட்டில் ஒரு காக்கை அடைகாத்துக்கொண்டிருந்தது. மற்றது, தினமும் வருகிற அதுதான், கிளையில் உட்கார்ந்து இலையைப் பார்த்தது. இறங்கவில்லை. அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். அது அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டது. சோறு காய்ந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, எடுக்கவில்லை, இருக்கிறார், எங்கேயோ இருக்கிறார் என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வா, சாப்பிடலாம் என்று அம்மாவின் தோளைத் தொட்டேன்.

அவள் நகரவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். அப்பாவை எப்படிக் கூப்பிடுவாளோ அதே மாதிரி, சத்தம் போடாமல், வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், கூப்பிட்டாள்.

"ஏங்க. சோறு ஆறிப்போச்சுங்க. வாங்க."

அது இறங்கி வந்தது. சுவரில் இரண்டு எட்டு நடந்து, முதலில் வடையை எடுத்தது. அம்மா அது சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே நின்றாள். பிறகு உள்ளே வந்து, முந்தானையால் பொட்டைத் துடைத்துவிட்டு, தாலியைத் தானே கழற்றி, கைப்பிடி இல்லாத ஒரு கம்பெனிக் கோப்பையில் பால் ஊற்றி அதில் போட்டாள். அழவில்லை. நான்தான் அழுதேன். வராதபோதே விட்டிருக்கலாமே, ஏன் மறுபடியும் கூப்பிட்டாய் என்று அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"வராமயே இருந்தா, இன்னும் எத்தன வருஷம் நான் வாசலையே பாத்துகினு இருக்கறது?" என்றாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அம்மாவின் தம்பியும் அவர் மனைவியும் என்னைத் தாரை வார்த்தார்கள். அம்மா பந்தலுக்குப் பின்னால், சமையல்காரர்கள் பக்கத்தில் நின்றாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததை மாப்பிள்ளை வீட்டார் ஒரு குறையாகச் சொன்னார்கள்.

ஆனியில் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஆளே மாறியிருந்தாள். முகத்தில் தெளிவு. காலைச் சங்கு ஊதியதும் சுவரில் சோறு வைப்பாள். அது வரும். அதனிடம் பேசுவாள். கொட்டகையில் மேஸ்திரி கத்தியது, பருப்பு வேகாதது, எல்லாம். அது சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு மரத்துக்குப் போய்க் குஞ்சுக்கு ஊட்டும். குஞ்சைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. குயில் தன் முட்டையை அங்கே இட்டுவிட்டுப் போயிருக்கிறது. அம்மா, இது காக்கைக் குஞ்சே இல்லை என்றேன். இருக்கட்டும், பசிக்குது என்று வாயைத் திறக்குது, ஊட்டறாரு என்றாள். ஊட்டறாரு என்று அவள் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த பங்குனியில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தேன். பஞ்சுருட்டான்கள் களிமண் மேட்டுக்குத் திரும்பியிருந்தன. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண்ணாடத்தில் அவள் அண்ணன் வீடு. போய்விட்டு வருகிறாள். வேர்த்துக் கொட்டியது. சர்க்கரை ஆலைக்குப் போகிற சாலையில், கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நிற்கிற இடத்தில், ஒரு டீக்கடை வாசலில் அப்பாவைப் பார்த்தேன் என்றாள். முழங்கையில் சூளை சுட்ட தழும்பைப் பார்த்தாளாம். கூட ஒரு பெண், அவர் இடுப்பில் ஒரு குழந்தை. கூப்பிட வாய் வரவில்லையாம்.

நான் எழுந்துவிட்டேன். அந்த வயிற்றோடு, இப்போதே போகிறேன், பெண்ணாடம் பஸ் இருக்கும் என்றேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"அது வேற யாரோ, தங்கச்சி. எங்க வூட்டுக்காரரு காலையிலதான் வந்து சாப்ட்டுட்டுப் போனாரு."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். அடுத்த தடவை பக்கத்து வீட்டுக்காரி அந்த வழியாகப் போனபோது டீக்கடையில் அப்படி யாரும் இல்லையாம். அவரா, அவர் மாதிரி வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அம்மா சாகும்வரை தினமும் சுவரில் சோறு வைத்தாள், பேசினாள்.

இப்போது அமாவாசைக்கு நான் சோறு வைக்கிறேன். அப்பாவுக்கும் சேர்த்து வையேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்குக் கை வருவதில்லை. அம்மாவை மட்டும் கூப்பிடுகிறேன். ஒரு காக்கை வந்தால் அது சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்க்கிறேன். இன்னொன்று கூடவே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தால், உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.