பூசணி இல்லாத பூசணி பீர்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெய்னுக்கு அக்டோபர் பிறந்தால் பூசணி பீர்தான் உலகம். இந்த வருடமும் பக்கத்து வீட்டு வெர்ன் எது எதென்று தெரியாதபடி ஆறு புட்டிகளைக் காகிதப் பைகளில் மறைத்துக் கொடுக்க, ஒவ்வொன்றாக ருசித்தாள். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுதான்டா பூசணி! தோட்டத்துலயே நிக்கிற மாதிரி இருக்கு. அந்த அஞ்சாவது இருக்கே, பாத்திரம் கழுவின தண்ணி."

வெர்ன் பைகளை உருவினான். மூன்றாவது, கடைப் பூசணி பீருக்கு மணம் தருகிற பட்டையையும் கிராம்பையும் அவன் சாதாரண பீரில் தட்டிப் போட்டது; பூசணி துளியும் இல்லை. ஐந்தாவது, தன் தோட்டத்துப் பூசணியை வேகவைத்து லொரெய்னே காய்ச்சியது.

"உன் பூசணி உனக்கே தெரியலையே!"

லொரெய்ன் அசரவில்லை. மூன்றாவது புட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்னோடதை நீ குடி. உடம்புக்கு நல்லது."