புதுச்சேரிப் பயிற்சியும் லூர்து அண்ணனின் மீனும்

அடுத்த மாதம் புதுச்சேரியில் கலைவழிக் கல்விப் பயிற்சிக்குப் போகிறேன், எப்படிப் போகலாம், எங்கே தங்கலாம் என்று ஒரு ஆசிரியை எழுதிக் கேட்டிருந்தார். சொல்கிறேன் அம்மா, எல்லாம் சொல்கிறேன். நானும் அதே ஊருக்கு அதே மாதிரிப் பயிற்சிக்குப் போனவள்தான், எண்பதுகளின் நடுவில். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வழி சொல்லும்போது நடுநடுவே வயிற்றெரிச்சலும் கொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் திண்டிவனம் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். என் பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாட்டாகவே பாடுவார்கள். ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு கத்திரிச் செடி, மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் ஆசிரியர்களும் கலைஞர்களும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து பத்து நாள் பயிற்சி, படம், கூத்து, பொம்மை வழியாகப் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. நடத்துவது ஒரு தனியார் நிறுவனம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் ஆசை இல்லை, நான் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். காலை ஆறே கால் பஸ்ஸில் ஏறினேன். கிளியனூர், மொரட்டாண்டி வழியாக ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் மூன்று ரூபாய்க்குள்தான் இருந்தது. இறங்கியதும் ரிக்‌ஷாக்காரர் கேட்ட முதல் கேள்வி, "வாய்க்காலுக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?" என்பது. அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் கட்டிய தெருக்கள், இந்தப் பக்கம் நம் ஆட்கள். பயிற்சி அந்தாண்டை. "அந்தாண்டன்னா ரெண்டு ரூவா, இந்தாண்டன்னா ஒன்றரை" என்றார். தூரம் ஒன்றுதானே என்றேன். "தூரம் ஒண்ணுதாம்மா, ஆளுங்க வேற" என்று சிரித்தார்.

தங்கியது இந்தாண்டை, ஒரு மதாம் வீட்டு மாடியில். மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், நம் தமிழச்சிதான். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துக் காலமானவர், அந்த பென்ஷனில் இந்த அம்மா ராணி மாதிரி இருந்தார். காலையில் நீள ரொட்டியும் கிண்ணத்தில் காப்பியும். வெந்நீர் கேட்டால் மட்டும் முகம் மாறும்.

பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததுமே எனக்கு முதல் எரிச்சல். ஆசிரியர்களுக்கு நாற்காலி, கலைஞர்களுக்கு வராந்தாவில் பாய். கூத்தாடுகிறவர், பொம்மை செய்கிறவர், தவில் வாசிக்கிறவர் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் மெட்ராஸ்காரர், கதர் ஜிப்பா, தேனாகப் பேசுவார். "குழந்தை ஒரு மலர், அதை மலர விடுங்கள்" என்று ஆரம்பித்து நாலு நாள் கரும்பலகையில் எழுதிப் போட்டார். படைப்பாற்றல் என்றால் என்ன, அதன் படிகள் எவை, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்து எழுதினோம். படைப்பாற்றலைப் பார்த்து எழுதிய கூட்டம் உலகத்திலேயே நாங்கள்தான். என் பக்கத்து நாற்காலியில் புதுச்சேரிக்காரர் ஒருவர், நடுநிலைப்பள்ளி வாத்தியார், சிவப்பு மையில் அடிக்கோடெல்லாம் போட்டு எழுதினார். ஒரு நாள் மதியம் பொழுதுபோக்குக்கு எல்லாரும் பிள்ளையார் வரையுங்கள் என்றார்கள். அவர் வரைந்தது கத்திரிக்காய்க்கு வால் முளைத்த மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் ஜோடி சேர்த்தார்கள். எனக்குக் கிடைத்தவர் லூர்து அண்ணன். சினிமா கொட்டகைக்கு பேனர் வரைகிறவர், நாற்பது வயதிருக்கும், அப்பா மில் தொழிலாளி. பேனர் வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் கூரைக்கு ஓலை மாற்றக்கூடக் காசிருக்காது. இரண்டு பெண் பிள்ளைகள். அவர் ஏன் வந்தார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்க ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர் வேலை காலி டீச்சர். எட்மாஸ்டர் எனக்குத் தெரிஞ்சவரு. 'லூர்து, உன் கைக்கு நான் கேரண்டி, ஆனா ஃபைல்ல வெக்க ஒரு சர்டிபிகேட் கொண்டா, போதும்'னாரு. அதுக்குத்தான் இந்தப் பாயில குந்திக்கினு இருக்கேன்."

பக்கத்திலிருந்த ஒரு அரசுப் பள்ளியின் நாலாம் வகுப்பையும் அதன் மதில் சுவரையும் எங்களுக்குக் கொடுத்தார்கள். பேனர்காரர்கள் சின்னப் போட்டோவின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிதாகத் துணியில் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் படத்தை ஏற்றுவார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. ஆறு வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம். காகிதத்தில் விரல் அகலம், சுவரில் ஒரு சாண். இதைவிடப் பெருக்கல் கணக்கு எங்கே கிடைக்கும்? பாதிப் பிள்ளைகள் மீன்பிடிக் குப்பத்துப் பிள்ளைகள், ஆகவே ஒரு சங்கரா மீன் வரைவது என்று முடிவானது.

லூர்து அண்ணனோடு எனக்குத் தினமும் சண்டை. பிள்ளைகள் கோடு இழுத்தால் அவருக்குக் கை பரபரக்கும், பிரஷைப் பிடுங்கிச் சரிசெய்யப் போவார். "தொடாதீங்கண்ணே" என்று தள்ளுவேன். "கண்றாவியா கீது டீச்சர், என் பேரு கெட்டுப்போவும்" என்பார். ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தால், தரையில் குந்தி ஒரு பையனுக்கு, "நீ எண்ணு, நான் பேச மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பாசம் வந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை மீன் முடிந்தது. வால் பக்கம் செல்வி என்ற பெண்ணின் பொறுப்பு. அவள் ஒரு கட்டத்தில் வரவேண்டியதை இரண்டு கட்டத்தில் இழுத்துவிட்டாள். மீனுக்குத் தலையைவிட வால் பெரிசு! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு பையன் சொன்னான், "தப்பு வால்ல இல்ல டீச்சர், எண்ணிக்கைல கீது." நான் அந்த இடத்திலேயே ஆடியிருப்பேன். எங்கே எண்ணிக்கை தப்பியது என்று திங்கட்கிழமை நீங்களே கண்டுபிடியுங்கள், அதையே வருகிற பெரியவர் முன்னால் செய்யுங்கள் என்றேன். கல்வித்துறைப் பெரியவர் ஒருவர் கடைசி நாள் பார்வையிட வருவதாக இருந்தது. என் பாடமே அந்தத் தப்புதான். செல்விகூட, "நானே கண்டுபுடிக்கிறேன் டீச்சர், யாரும் சொல்லக் கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களை வேனில் ஏற்றி நோணாங்குப்பம் கழிமுகத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். நல்ல இடம், அவசியம் பாருங்கள். தண்ணீர் அசையாமல் கிடக்கும், சவுக்குத் தோப்பில் காற்று. கலைஞர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர்களுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறோம் என்றார் ஒருங்கிணைப்பாளர். நானும் மடச்சி மாதிரி வறுத்த மீன் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

திங்கள் காலை போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கப் புது வெள்ளை. அதன்மேல் ஒரு மீன், கண்ணைப் பறிக்கிற மாதிரி. செதில் செதிலாக, பளபளவென்று, வால் அளவாக. கட்டம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் தாங்கள் இழுத்த கோடுகளைச் சுவரில் தேடிக்கொண்டிருந்தார்கள். லூர்து அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னண்ணே இது?"

"சார் சொன்னாரு டீச்சர். பெரியவரு வர்றாரு, கோணல்மாணலா இருந்தா மானம் போவும்னாரு. சர்டிபிகேட்ல கையெழுத்து போடறது சாருதானே. நான் இன்னா பண்ணட்டும்?"

அவரை நான் என்ன திட்ட? ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். சார், அந்தத் தப்பை வைத்துத்தானே இன்றைக்குப் பாடம், அதையே அழித்துவிட்டால் நான் எதை நடத்துவது என்று கேட்டேன். அவர் என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தபடி, "குழந்தைங்களுக்கு என்னம்மா தெரியப்போவுது, அழகா இருந்தா சந்தோஷப்படும்" என்றார். மலர விடச் சொன்ன அதே வாய்!

பத்தரைக்குப் பெரியவர் வந்தார். யார் வரைந்தது என்று கேட்டார். சொல்லிக்கொடுத்திருந்தபடி மொத்த வகுப்பும் ஒரே குரலில், "நாங்க வரைஞ்சோம் சார்" என்றது. பெருக்கல் வராத பிள்ளைகளுக்குப் பொய் மட்டும் ஒரே நாளில் பிசகில்லாமல் வந்துவிட்டது. செல்வி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் குனிந்து, நீ எந்தப் பக்கம் வரைந்தாய் என்று கேட்டார்.

"இது என் மீனு இல்ல சார். என் மீனுக்கு வாலு பெருசு" என்றாள்.

"பாருங்க சார், குழந்தைக்கு எவ்வளவு அடக்கம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் செல்வி கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். மொத்தம் நாலு நிமிஷம் இருந்திருப்பார்.

நிறைவு விழா மாலை நாலு மணிக்கு, அந்தப் பெரியவர் தலைமையில். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக மேடைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினோம். அப்புறம் கலைஞர்களை மொத்தமாகக் கூப்பிட்டார்கள். வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள், கை தட்டினார்கள், முடிந்தது. லூர்து அண்ணன் மேடையிலேயே நின்றார், அடுத்து அதுவும் வரும் என்று. மற்றவர்கள் இறங்கிய பிறகும் நின்றார். ஒருவர் வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேடைக்குப் பின்னாலேயே போய் ஒருங்கிணைப்பாளரைப் பிடித்தேன். "அவங்களுக்குச் சர்டிபிகேட் எங்க சார்?"

"சான்றிதழ் பயிற்சி பெற்றவங்களுக்கும்மா. அவங்க நமக்குத் துணைக்கு வந்தவங்க. கலைஞனுக்கு மரியாதைதான் பெருசு, காகிதம் எதுக்கு?"

"மரியாதைய ஒலையில போட்டா வேகுமா சார்? அவருக்கு வேலை கிடைக்கணும்னா அந்தக் காகிதம்தான் வேணும். அதை நம்பித்தானே நேத்து பூரா உங்களுக்கு மீன் வரைஞ்சாரு?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க" என்றார். உணர்ச்சிவசப்படத்தானே பத்து நாள் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கத்தினேன். பெரியவரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது, அவர் வழியனுப்ப ஓடிவிட்டார். வெளியே லூர்து அண்ணன் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உடு டீச்சர். ஞாயித்துக்கெழம புள்ளைங்க மீனு மேல வெள்ள அடிச்சேன் பாரு, அப்பவே கை கூசுச்சு. அதையும் பண்ணிட்டு இதுவும் இல்லன்னா..." என்றபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது எல்லையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி, சாராயம் கடத்துகிறோமா என்று பைகளைக் கிளறியது. என் பையிலிருந்த சாயப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்த கான்ஸ்டபிள், "இன்னாம்மா இது?" என்றார். நான் குமுறியதைப் பார்த்துப் பயந்துபோய் மூடிக் கொடுத்துவிட்டார், பாவம்.

மறு வருஷம் புதுச்சேரி போனபோது லூர்து அண்ணனைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கொட்டகைச் சந்தில் ஒரு வில்லன் முகத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். அந்த டிராயிங் மாஸ்டர் வேலை யாருக்குப் போனது தெரியுமா? என் பக்கத்து நாற்காலிக்காரருக்கு. சான்றிதழ் இருந்ததல்லவா! பாடத்துக்கு வேண்டிய படங்களை அவர் லூர்து அண்ணனிடம் வந்துதான் வரைந்து வாங்கிப்போகிறாராம். "நல்ல மனுசன் டீச்சர், கேட்ட காசு கொடுத்துடறாரு" என்றார் அண்ணன். அவருக்குக் கோபமே இல்லை. அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் இத்தனை வருஷம் படுகிறேன் போலிருக்கிறது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். தங்குவதற்கு வாய்க்காலுக்கு இந்தாண்டைப் பாருங்கள், வாடகை குறைவு, சாப்பாடு நம் சாப்பாடு. ஊருக்குள் நடந்தே சுற்றலாம். ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணம் என்று வேன் வந்தால் மட்டும், உங்கள் பிள்ளைகள் வரைந்த சுவரைக் காவல் காக்க ஒரு ஆளை நிறுத்திவிட்டு ஏறுங்கள். உங்களோடு சேர்ந்து பாடம் நடத்தப்போகும் கலைஞரின் பெயரும் சான்றிதழில் வருமா என்று முதல் நாளே எழுந்து நின்று கேளுங்கள். வராது என்றால் அங்கேயே, அப்போதே சண்டை போடுங்கள். கடைசி நாள் போடுகிற சண்டையால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.