எஃப்.சி.க்கு நான் அடித்த பெயிண்ட்

நேற்று எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். அவர் தின்னர் டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், நான் கடலூரில் வண்டிகளுக்கு எஃப்.சி. பார்க்கும் மைதானத்தில் போய் நின்றுவிட்டேன். உங்களை மல்லிகை வாசனை எங்காவது கூட்டிக்கொண்டு போகலாம். எனக்கு வாய்த்தது தின்னர்.

இரண்டாயிரத்து எட்டாக இருக்கும். நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் சிதம்பரத்தில் ஒரு பழைய மினி லாரியைக் கூட்டாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்குத் தினமும் காய்கறி ஏற்றிப் போகும் வேலை கிடைத்தது. ஒரு வாரத்தில் முதல் லோடு. எங்கள் வண்டிக்கோ எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், காலாவதியாகியிருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், வேலை வேறு வண்டிக்குப் போய்விடும்.

எஃப்.சி. என்றால் அப்போதெல்லாம் வண்டிக்குக் கல்யாணம் மாதிரி. டிங்கர் வேலை, புதுப் பெயிண்ட், பளபளக்கும் ஸ்டிக்கர், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். யாரையும் நம்பாமல் பெயிண்டை நானே அடித்தேன். கேபினுக்கு மஞ்சள், அடிச்சட்டத்துக்குக் கறுப்பு. ஓரிடம் விடாமல் இரண்டு கோட்டிங். என் கைத்திறமையில் எனக்கே மயக்கம்.

முதல் லோடுக்கு முந்தின நாள் மைதானத்தில் ஆய்வாளர் ஏறி ஓட்டிப் பார்த்தார். திடீரென்று ஒரு பிரேக். வண்டி பிடித்துவைத்த மாதிரி நின்றது! ஹார்ன், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் பாஸ். கடைசியாக சேசிஸ் நம்பர். சட்டத்தில் பொறித்த எண்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் விழ வேண்டும். செல்வம் தேய்த்தான். தாள் கறுத்தது. எண் விழவில்லை.

"மாமா, நம்பரு மேலயும் அடிச்சிட்டீங்களா?"

"ஒரே ஒரு கோட்டிங்தான் மச்சான்" என்றேன், கூசாமல்.

உப்புத்தாள் எடுக்க ஓடினேன். ஆய்வாளர் தடுத்தார்.

"நம்பர்ல ஒரு கீறல் உழுந்தாலும் திருட்டு வண்டின்னு எழுதிடுவேன். துணியால தொடைங்க. ஒரு மணிக்கு நான் கெளம்பிடுவேன்."

அப்போது பன்னிரண்டரை. தின்னர் இருந்தது, துணி இல்லை. செல்வம் யோசிக்கவே இல்லை. பெண் பார்க்கப் போவதற்கென்று தைத்த புதுச் சட்டையைக் கழற்றி, தின்னரில் நனைத்து, பனியனோடு வண்டிக்கடியில் புகுந்தான். எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாம் குனிந்துகொண்டு சத்தமாகப் படித்தார்கள்.

"ஏழு! நாலு! அடுத்தது மூணா, எட்டா?"

"எட்டு!" என்று உள்ளேயிருந்து செல்வம் கத்தினான். மைதானமே கூடவே கத்தியது. எனக்கு அத்தனை சந்தோஷம். நம்பர் நன்றாக விழுந்த தாளில் அவனுடைய பெயிண்ட் கட்டைவிரலும் பதிந்துவிட்டதால் ஆய்வாளர் இன்னொன்று கேட்டார். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடுத்தோம். பாஸ்! மறுநாள் கத்தரிக்காய் மூட்டைகளோடு செம்மங்குப்பம் வரைக்கும் செல்வம் தேவையே இல்லாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தான்.

இப்போது பல ஊர்களில் இயந்திரமே சோதித்துவிடுகிறதாம். எங்கள் வண்டியையும் உடைக்கக் கொடுத்தாகிவிட்டது. ஆர்.சி.யை ரத்து செய்ய, அந்த எண் இருந்த இரும்புத் துண்டை வெட்டி எடுத்து அலுவலகத்தில் ஒப்படைத்தோம்.

ஆய்வாளர் வேண்டாமென்ற அந்தத் தாள் என் பீரோவில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். பென்சில் உதிர்ந்து எண் போய்விட்டது. செல்வத்தின் கட்டைவிரல் மட்டும் அப்படியே இருக்கிறது.