வாய்ப்பூட்டு விற்பவர்

வாசலில் கார் வந்து நின்றால் அவரிடம் முதலில் எழுந்திருப்பது காதுதான். நூலைப் பல்லிடுக்கில் கடித்தபடி, தையல் மிஷினிலிருந்து தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். "கத்துது பாரு, பசிச்ச குழந்தை மாதிரி" என்பார். பெல்ட் போடாதவர்களைப் பார்த்துக் கார் எழுப்பும் அந்த டிங் டிங் ஓசை, அவருக்கு மட்டும் வியாபாரம் வரும் ஓசை.

கார் சீட்டுகளுக்கு உறை தைப்பது அவர் தொழில். எங்கள் அலுவலகத்துக்கு ஏறும் படிக்கட்டு அவர் கடையை ஒட்டியே இருப்பதால் இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். கழுத்தில் அளவு நாடா, காதிடுக்கில் சாக்பீஸ் துண்டு. பழைய சீட்டை விரலால் தடவி, "இதுல உக்கார்ற ஆளு எடது பக்கமா சாய்வாரு" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சில சீட்டுகளின் ஓரத்தில் 'ஏர் பேக்' என்று சின்னத் துணி லேபிள் தைத்திருக்கும். அந்தப் பக்கத் தையலை இளக்கமாக விடவேண்டும், மோதினால் உள்ளிருக்கும் காற்றுப்பை கிழித்துக்கொண்டு வெளியே வரவேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வந்தவர்களிடம் மறைக்கவும் மாட்டார். "லூசா விட்டா தொளதொளன்னு அசிங்கமா இருக்கும். பரவாயில்லையா?" அப்படிக் கேட்டால் யார்தான் இளக்கமாகத் தைக்கச் சொல்வார்கள்? பின்சீட்டு பெல்ட்டுகளின் பூட்டுகளோ மொத்தமாக உறைக்கு அடியில் போய்விடும். "பின்னாடி யாருங்க போடுறா? உக்காந்தா குத்தும்."

ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது வேறொன்று. ஆணியில் ஓர் அட்டை தொங்கும்; அதில் விரல் நீளத் தகடுகள். பெல்ட்டுக்குப் பதிலாக இதைப் பூட்டில் செருகினால், பெல்ட் போட்டாகிவிட்டது என்று நம்பிக் கார் சத்தத்தை நிறுத்திவிடும். அவர் அதற்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு. க்ளிக் என்று செருகிக் காட்டி, "பாத்தீங்களா, நல்ல பிள்ளை ஆயிடுச்சு" என்பார்.

வழக்கத்துக்கு மாறாக ஒருநாள் கேட்டுவிட்டேன். "கார் நம்புது, சரி. எதிர்ல வர்ற லாரி நம்புமா?"

"மாடிப் பாப்பா, ஏர் பேக்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? அது பாத்துக்கும்."

"அதைத்தான் நீங்க தைச்சு மூடிட்டீங்களே?"

"அது பக்கவாட்டுல இருக்குறது. முன்னாடி இருக்குறதை நான் தொட்டனா?" என்றார், வீண்பழி சுமந்தவர் முகத்தோடு.

அவருக்கு ஒரே மகள். ஏழு மாதக் கர்ப்பிணி. காலையில் வேலைக்குப் போகும் வழியில் கணவனின் காரில் வந்து, அப்பாவுக்குச் சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டுப் போவாள். பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்று அவள் சொன்ன அன்றே, அட்டையில் இருப்பதிலேயே பளபளப்பானதாகப் பொறுக்கி மாட்டிவிட்டார். "என் பேரப்பிள்ளைக்குத் தாத்தா வாங்கித் தந்த மொதல் சாமான்" என்று தெருவுக்கே சொன்னார்.

போன திங்கட்கிழமை, பக்கத்து டிங்கர் கடைக்கு நசுங்கிய கார் ஒன்றை இழுத்து வந்தார்கள். முன்பக்கத்துப் பை வெடித்துத் தொங்கியது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு நேராக, முன்கண்ணாடியில் தலையளவுக்கு வட்ட விரிசல். அதில் நீளமாக இரண்டு மூன்று முடிகள்.

"ஓட்டுனவரு பெல்ட் போட்டிருந்தாரு, நெஞ்சுல சிராய்ப்போட எறங்கி நடந்தாராம்" என்றார் டிங்கர். "அவர் சம்சாரத்தைப் பையால புடிக்க முடியலை, மேல தூக்கி அடிச்சிருச்சு. உயிர் பொழைச்சிட்டாங்க. தாடைதான் போச்சு." பிறகு உள்ளே குனிந்து, பூட்டிலிருந்த வாய்ப்பூட்டைக் கழற்றி நீட்டினார். "உங்க சரக்குதானேண்ணே? ஒரு கீறல் இல்லை பாருங்க. தரம்னா இதான் தரம்."

"ஊர்ல நான் மட்டும்தான் விக்கிறனா?" என்று சொல்லிவிட்டு அவர் வந்து மிஷினில் உட்கார்ந்தார். மதியம் நான் இறங்கியபோது அதே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மகளின் கார் நின்றதும் அவரே போய்க் கதவைத் திறந்தார். சாப்பாட்டுப் பையை வாங்கவில்லை. குனிந்து, வாய்ப்பூட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, என்ன பண்றீங்க? கத்தும்பா."

"கத்தட்டும்."

"வயித்தை அழுத்துதுன்னு சொன்னேன்ல?"

அவர் பெல்ட்டை இழுத்தார். கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்போடு படியவைத்தார். மேல்பட்டையைத் தோளிலிருந்து நெஞ்சு வழியாக வயிற்றுக்குப் பக்கவாட்டில் இறக்கினார். சீட்டுக்கு அளவெடுக்கும் அதே நிதானம். "வயித்து மேல போட்டா அழுத்தத்தான் செய்யும். இப்ப அழுத்துதா?"

"இல்லை…" என்றவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இது முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். தெரியாதா?"

பிறகு பிளேடை எடுத்து, அவள் சீட்டின் ஓரத் தையலை ஒவ்வொரு கண்ணாக அறுக்கத் தொடங்கினார். மருமகன் பதறினார். "மாமா, புது கவர் மாமா!"

"தொளதொளன்னு இருக்கட்டும் மாப்பிள்ளை."

கார் போய்த் திருப்பத்தில் மறையும்வரை நின்றார். நான் இரண்டு படி ஏறியிருப்பேன். அடுத்த கார் வந்து நின்றது. டிங் டிங். ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கினார். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் குழந்தை.

"அண்ணே, இந்தச் சத்தத்தை நிறுத்த ஏதோ வெச்சிருக்கீங்களாமே?"

ஆணியைப் பார்த்தார். அட்டை காலி. "தீந்து…" என்று ஆரம்பித்தவர், என் பக்கம் திரும்பாமல், சட்டைப்பைக்குள் கையை விட்டார். மகளிடமிருந்து கழற்றியதை எடுத்து, வாயால் ஊதி, சட்டை நுனியில் பளபளக்கத் துடைத்துக் கார் ஜன்னலுக்குள் நீட்டினார்.