கல்மடையின் முதல் குடம்

வெந்த பாசியின் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். கல்மடையில் வளர்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சரக்கு வண்டிகளின் கரி எஞ்சின்கள் எங்கள் ஸ்டேஷனில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் போகும். நாங்கள் "யானைத் துதிக்கை" என்று பெயர் வைத்திருந்த வளைந்த இரும்புக் குழாயை ஒருவர் இழுத்துத் திருப்புவார், குளத்துத் தண்ணீர் தடதடவென்று எஞ்சினுக்குள் இறங்கும், கிளம்பும்போது அது விடுகிற ஆவியில் கரிப்புகையும் குளத்துப் பாசியும் சேர்ந்து மணக்கும். அந்த ஆவிக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு யார் அதிக நேரம் நிற்பது என்று எனக்கும் என் சேக்காளி பேச்சிக்கும் போட்டி நடக்கும். பெரும்பாலும் பேச்சிதான் ஜெயிப்பாள்.

ஊர்ப்பெருமை பேச இதை எழுதவில்லை. கல்மடையின் பெருமையை நான் ஒருமுறை பேசிவிட்டேன், அதற்காக ஒரு எவர்சில்வர் டம்ளரும் பரிசாக வாங்கினேன், அதை நினைத்தால் அறுபது வயது தாண்டிய இன்றும் காது மடல் சூடாகிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கல்மடை பழைய ஊரில்லை. முதலில் அங்கே இருந்தது குளமும் அதன் கல்லால் கட்டிய மடையும் மட்டும்தான். பிறகு ரயில் பாதை வந்தது, எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டியிருந்ததால் ஸ்டேஷன் வந்தது, ஸ்டேஷன் வந்ததால் பருத்தி மூட்டை ஏற்றுகிறவர்கள் வந்தார்கள், குளத்துப் பாசனத்தை நம்பி மேற்கேயிருந்து வந்தவர்கள் வயல் வாங்கினார்கள், பனங்காட்டுப் பக்கமிருந்து எங்களைப் போன்றவர்கள் கருப்பட்டி மூட்டையோடு வந்து கடை போட்டார்கள், நாசரேத்திலிருந்து வாத்தியார்கள் வந்து பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நான் பிறக்கும்போது சனிக்கிழமைச் சந்தையும் டூரிங் கொட்டகையும் உள்ள ஊராகிவிட்டிருந்தது. ரயில்வே கேட்டுக்கு எதிரே முதலாவதாக இருந்த பெரிய பலசரக்குக் கடை எங்களுடையது, அப்பாவை ஊரே "கடை அண்ணாச்சி" என்று கூப்பிடும்.

பேச்சியின் வீடு குளத்தங்கரையில், "கேங்கு லயன்" என்று சொல்லப்பட்ட வரிசையில் இருந்தது. அவள் அப்பா தண்டவாளம் பார்க்கிற கேங்மேன், அம்மா பொன்னுத்தாய் வயல் வேலைக்குப் போவார். ஊருக்குள் அந்த லயனுக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. என் அப்பாவைவிட மூத்தவரான பேச்சியின் அப்பாவை எங்கள் கடைப் பையன்கள்கூட "ஏலே" என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் வருவார்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் எல்லாம் தலைகீழாக இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் குளம் பெருகி "மறுகால்" பாய்ந்ததும், அதாவது நிறைந்து வழிந்ததும், புதுத் தண்ணீரை யாரும் உடனே குடிக்க எடுத்துவிட மாட்டார்கள். பேச்சி வீட்டு மருமகள் மடைப்படியில் இறங்கி முதல் குடம் எடுத்துக் கரையேற வேண்டும், அதன்பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். வயல்காரர் வீட்டுப் பெண்கள், வாத்தியார் வீட்டம்மா, என் அம்மா எல்லோரும் விளக்கிய பித்தளைக் குடங்களோடு மேலே காத்துக்கொண்டிருக்க, பொன்னுத்தாய் ஒரு மண்குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஏறி வருவார். அன்றைக்கு மட்டும் எல்லோரும் அவருக்கு வழிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பளபளவென்று இருக்கிற எங்கள் வீட்டுக் குடம் ஏன் மண்குடத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று அம்மாவைக் கேட்டதற்கு, "அது அவ வீட்டு மொறைளா, வாயை மூடு" என்று ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

ஏழாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவுக்காக "எங்கள் ஊர் உருவான கதை" என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். ஊரில் முதலில் வந்தவர்களைக் கேட்டு எழுதுங்கள் என்று வாத்தியார் சொன்னதும் நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு பேச்சி வீட்டுக்குத்தான் போனேன். யார் முதலில் வந்தவர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பொன்னுத்தாய் முற்றத்தில் உடைமுள் விறகு ஒடித்துக்கொண்டே சொன்னார். "நல்லா எழுதிக்கோ தாயி. ரயிலு ரோட்டுக்கு மண்ணு அள்ளுன பள்ளந்தான் இன்னைக்கி கொளம் இம்புட்டு ஆழம். வெளாத்திகொளத்துப் பக்கம் மழை இல்லாம பொறப்பட்டு வந்தவுக சொமந்த மண்ணு. வேலை முடிஞ்சதும் மத்தவுக போயிட்டாவ. ஏழு குடும்பம் மட்டும் இங்கனயே தங்கிட்டு." ஏழு பெயரையும் விரல் மடக்கிச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் நான் எழுதினேனா என்று நோட்டை எட்டிப் பார்த்தார்.

பிறகுதான் உடைப்பின் கதையைச் சொன்னார். ஊர் என்று ஒன்று உண்டாகாத காலத்தில் ஓர் அடைமழையில் குளக்கரை வாய் பிளந்துவிட்டது. ஆண்கள் மண் எடுத்துவர ஓடியிருக்கிறார்கள். "எங்க வீட்டுக்காரரோட பாட்டி, பச்சப் புள்ளைய அடுத்தவ கையில குடுத்துட்டு, குடிசைக் கதவைக் கழத்தி ஒடப்புல வச்சி, அதுல முதுகைக் குடுத்து ஒக்காந்துட்டாவ. மண்ணு வந்து சேருத வரைக்கும் எந்திரிக்கல. கரை நின்னுட்டு. அவுக ஒம்பது நாளு காய்ச்சல்ல கெடந்து போயிட்டாவ." அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னார். அந்த வீட்டு மருமகள்தான் முதல் குடம் எடுக்க வேண்டும் என்று மிச்சமிருந்த ஆறு குடும்பமும் அன்றைக்குக் கூடிப் பேசி முடிவு செய்ததாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சி, தான் பலமுறை கேட்ட கதையானாலும், கதவு வருகிற இடத்தில் என் தொடையைக் கிள்ளினாள்.

அன்று சாயங்காலம் கடையில் அப்பா என் நோட்டை வாங்கிப் படித்தார். அவர் அந்த வருஷம் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க இருந்தார். படித்து முடித்து, "ஏளா, மண்ணு சொமந்தவன் கதைய மைக்குல வாசிச்சா ஊரு நம்மள என்ன நெனைக்கும்? எங்க பாட்டையா கடை போட்டாவ, அதுக்குப் பொறவுதான ஊரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எதையும் மாற்று என்று சொல்லவில்லை. இத்தனை காலமும் அப்பாமேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கிறேன், இனி அது வேண்டாம். மீதியெல்லாம் என் கைங்கரியம்.

ஏழு குடும்பத்தையும் "சில கூலியாட்கள்" ஆக்கினேன். உடைப்பில் உட்கார்ந்த பெண்ணின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் அப்பாவின் தாத்தாவை நிறுத்தினேன். தன் கடையிலிருந்த அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டி உடைப்பை அடைத்து ஊரையும் ரயிலையும் காப்பாற்றிய வள்ளல் அவர் என்று எழுதினேன். அவர் கல்மடைக்கு வந்தபோது கையில் இருந்தது இரண்டு மூட்டை கருப்பட்டி. அதைக் கொண்டுபோய் உடைப்பில் போட்டிருந்தால் குளம் முழுக்கப் பானகம்தான் கிடைத்திருக்கும். பன்னிரண்டு வயதில் எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை, கட்டுரை இப்போதுதான் எடுப்பாக இருக்கிறது என்று தோன்றியது.

விழாவில் மைக்கில் வாசித்தேன். முன் நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள், பின்னால் மண் தரையில் லயன்காரர்கள். தன் வீட்டுக் கதை வாசிக்கப்படப் போகிறது என்று பொன்னுத்தாய் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அரிசி மூட்டை வருகிற இடத்தில் கைத்தட்டல் எழுந்தது. நான் தலையைத் தூக்கவே இல்லை, தூக்கினால் அந்தச் சேலை கண்ணில் படும் என்று பயந்தேன். முதல் பரிசு எனக்குத்தான் கிடைத்தது.

மறுநாள் பேச்சி பள்ளிக்கூட வாசலில் வழிமறித்தாள். "எங்க பூட்டி எங்கேளா போனா ஒன் கதையில?"

"வாத்தியார் மாத்திட்டாரு" என்றேன். ஒரு பொய்யை மறைக்க ஒரு பாவமும் அறியாத மனுஷர்மேல் இன்னொரு பொய்.

அவள் என்னை நம்பினாள். அதுதான் கொடுமை. வாத்தியாரை மனதுக்குள் திட்டிக்கொண்டே என்னோடு வகுப்புக்கு வந்தாள். பொன்னுத்தாய் நம்பினாரா என்று தெரியாது. சாயங்காலம் கடைக்கு உப்பு வாங்க வந்தவர் என் தலையைத் தடவி, "சத்தமா, திக்காம வாசிச்ச தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் ஒருவேளை நான் அழுதிருப்பேன், உண்மையைச் சொல்லியிருப்பேன். வீட்டுக்குள் போய் நோட்டின் பழைய பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு பிள்ளையின் குறும்பு என்று நானே என்னை மன்னித்திருப்பேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மைக்கில் வாசித்தது என்றால் அது சட்டம். பரிசு பெற்ற கட்டுரை பள்ளிச் சுவரில் பெயிண்டில் எழுதப்பட்டது. அப்பா தேர்தலில் ஜெயித்தார். அடுத்த ஐப்பசியில் மறுகால் பாய்ந்ததும் பெரியவர்கள் கூடி, ஊரைக் காப்பாற்றியவர் வீட்டு மருமகள்தானே முதல் குடம் எடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மடைப்படியில் இறங்கினார். மண்குடத்தோடு வந்திருந்த பொன்னுத்தாய் ஒதுங்கி வழிவிட்டார். நான் ஆசைப்பட்டபடியே எங்கள் குடம் முன்னால் போயிற்று. அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. குடிக்காததைத் தவிர வேறொன்றும் செய்யவுமில்லை.

பேச்சி அதன்பிறகு ஆவிக்குள் நிற்க வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். டீசல் எஞ்சின் வந்து குளத்துத் தண்ணீர் ரயிலுக்குத் தேவையற்றுப்போனதும் லயனை இடித்தார்கள், அவர்கள் தூத்துக்குடி உப்பளப் பக்கம் குடிபோனதாகச் சொன்னார்கள். நான் படித்து டீச்சராகி அதே தூத்துக்குடியில், மில்லர்புரத்தில் வீடு கட்டினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தேன் என்பதை இங்கே எழுதக் கூசுகிறது.

இப்போது கல்மடையில் இரட்டைப் பாதை. மின்சார ரயில்கள் நிற்காமல் போகின்றன, துதிக்கைக் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். குளத்தில் பாதி வீட்டுமனை, மீதி சீமைக்கருவேலம். வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் முதல் குடமும் இல்லை. போன மாதம் ஊரிலிருந்து ஒரு இளைஞர் போன் செய்தார். ஊர் முகப்பில் வளைவு கட்டுகிறார்களாம். "ஒங்க கட்டுரைய அப்படியே கல்லுல வெட்டப் போறோம் டீச்சர். இடிக்கறதுக்கு முன்னாலயே பள்ளிக்கூடத்துச் செவத்தை போட்டோ எடுத்து வச்சிருக்கோம்."

நான் உண்மையைச் சொன்னேன். ஐம்பது வருஷம் கழித்து, முகம் தெரியாத ஒருவரிடம், போனில். அவர், "ஊருல எல்லாருக்கும் அரிசி மூட்டக் கததான டீச்சர் தெரியும். வேற எழுத்து ஏதும் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். நல்ல பிள்ளை, மறுபடி யோசித்து, "செரி, அந்தம்மா பேரக் குடுங்க, மாத்தி வெட்டிருவோம்" என்றார்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஏழு குடும்பத்தில் மூன்று பெயர் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் வரவில்லை. ஒரு வாரம் முயன்றும் வரவில்லை. விசாரித்து விசாரித்து உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பேச்சியின் மகள் முத்துமாரியைக் கண்டுபிடித்தேன். தையல் வேலை பார்க்கிறாள். பேச்சி இறந்து நான்கு வருஷம் ஆகிறது என்றாள். "அம்மா அந்த ஊருப் பேச்சே எடுக்க மாட்டாவ டீச்சர். நாங்களும் கேக்கல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் கட்டுரையையும் சேர்த்துத்தான். அவளுக்குக் கோபம் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைக் கழற்றி உடைப்பில் வைத்த இடத்திலேயே அவள் மனம் நின்றுவிட்டது. தையல் மிஷினை விட்டு எழுந்து, "எங்க வீட்டு ஆளா? எங்க ஆளா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டாள். உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டு, "ஏளா, ஒரு நோட்டு எடுத்துட்டு வா, நம்ம ஆளு பேரு எழுதணும்" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க டீச்சர். அவுக பேரு என்ன?" என்றாள். பள்ளிக்கூடச் சீருடையில் நோட்டோடு வந்த மகள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர்களிடம் கேட்க வந்தது அதைத்தான்.