பார்த்தால் சாப்பிடாத மீன்

பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தனிமையில் பேசியதை நான் ஒளிந்திருந்து கேட்டேன். ஒரு நாள் அல்ல, பல வாரங்கள்! அதற்கான பழி வேறொரு குழந்தையின் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்ற தைரியம்தான், வேறென்ன?

அந்தப் பெண் தன்யா, என் கணவரின் மகள். அவளைப் பெற்ற அம்மா பிரிந்துபோய்ப் பெங்களூரில் வேறு குடும்பமாகிவிட்டார். நான் நாகர்கோவிலிலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்து, தாமதமாகக் கல்யாணம் செய்து, திருமுல்கேரியில் இருக்கும் அந்த வீட்டுக்குள் நுழைந்தவள். தன்யா என்னை 'ஆன்ட்டி' என்பாள். தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் வரும். நான் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். முறைத்ததில்லை, எதிர்த்துப் பேசியதில்லை... அதுதான் எனக்குச் சந்தேகம்! இவ்வளவு அடக்கமாக ஒரு பிள்ளை இருக்குமா? மனதுக்குள் எதையோ வைத்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. காய்காரரின் தராசையும் பார்ப்பேன், அவர் விரலையும் பார்ப்பேன்.

அவள் பிறந்தநாளுக்குக் கணவர் ஒரு பிரானா குஞ்சு வாங்கி வந்தார். மறுமணம் செய்துகொண்ட குற்ற உணர்ச்சிக்கு அப்பாமார் என்னென்னவோ வாங்குவார்கள்... இவர் பல்லுள்ள மீனை வாங்கினார்!

எனக்கு அதன் மேலும் சந்தேகம். மீன் சந்தையில் குழம்புக்கு விற்கிற ரூப்சந்த் மீனின் குஞ்சைப் பிரானா என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்களோ? சின்னதில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். "அரே, கடைக்காரன் நம்ம ஆளு. டவுட் நக்கோ," என்றார் அவர். சந்தேகம் வேண்டாமாம். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் வாழும் குடும்பம், அவர் தமிழ் அப்படித்தான். 'நம்ம ஆளு' என்று யாராவது சொன்னாலே என் சந்தேகம் இரட்டிப்பாகும்.

மீனோ பட்டினி கிடந்தது. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வடிகட்டும் பில்டருக்குப் பின்னால் ஒடுங்கியே நின்றது. இறாலை உரித்துப் பொடியாக நறுக்கிப் போட்டேன். மீனைக் குழம்பில் மட்டுமே அறிந்தவள் நான், ஒரு மீனிடம் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறால் வெளுத்துத் தண்ணீர் நாறியதுதான் மிச்சம்.

கடைக்காரரிடம் போனேன். அவர் சிரித்தார். "நக்கோ தேக்கோ மேடம். தேக்கே தோ நை காத்தா." நின்று பார்க்காதீர்கள், பார்த்தால் சாப்பிடாது என்கிறார். குட்டிப் பிரானாவுக்கு அவ்வளவு கூச்சமாம்! ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தொட்டியை வைத்து, மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கை அணைத்து, இரையைப் போட்டுவிட்டு விலகிவிட வேண்டுமாம்.

வாஷிங் மெஷின் இருக்கும் பின்னறைக்குத் தொட்டி போயிற்று. மாலையில் இரை போடுவது தன்யாவின் பொறுப்பு.

"சாப்பிட்டுச்சா?" என்று கேட்பேன். "ஹவ், கா லியா," என்பாள். ஆமாம், தின்றுவிட்டதாம். உண்மைதான், தொட்டியில் இறால் இருக்காது. ஆனால் மீன் தின்றதா, இவள் எடுத்துக் குப்பையில் போட்டாளா? நான் நறுக்கியதை மீன்கூடத் தின்னக்கூடாது என்று நினைக்கிறாளோ? பாருங்கள், ஒரு குழந்தையைப் பற்றி நான் யோசித்த லட்சணம்!

இருட்டிலும் படம் தெரிகிற, பேச்சும் கேட்கிற குட்டிக் கேமரா ஒன்றை வரவழைத்துச் சோப்புத்தூள் டப்பாக்களுக்கு நடுவே மறைத்து வைத்தேன். கச்சிபௌலி அலுவலகத்திலிருந்து திரும்பும் கம்பெனி பேருந்து நெரிசலில் நிற்கும்போது, காதில் இயர்போனுடன் கைப்பேசியில் பார்ப்பேன்.

முதல் நாளே உண்மை தெரிந்துவிட்டது. தன்யா விளக்கை அணைத்தாள். இறாலைப் போட்டாள். தொட்டிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்... அவள் பின்னால் அந்த மீன் மெல்ல வந்தது. ஒரே கடி! துண்டைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அப்படிக் கடித்தால் பிரானாதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கணவர் பொய் சொல்லவில்லை, குழந்தையும் பொய் சொல்லவில்லை.

அன்றே கேமராவை எடுத்திருக்க வேண்டும். ஏன் எடுக்கவில்லை?

ஏனென்றால் அவள் என்னைப் பற்றிப் பேசினாள்! வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், மீனிடம் மூச்சுவிடாமல் பேசினாள். ஆன்ட்டி எல்லாவற்றிலும் தேங்காய் போடுகிறாள். ஆன்ட்டி கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறாள்... நான் தேங்காயைக் குறைத்தேன். கதவைத் தட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். 'ஆன்ட்டி' போய் 'சித்தி' வந்தது. அன்று குளியலறைக்குள் போய் அழுதேன். கள்ளத்தனமாகக் கிடைத்தது என்று தெரிந்தும் இனித்தது.

பிறகு ஒரு மாலை. பேருந்து நகரவே இல்லை. திரையில் தன்யா முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளியில் இருக்கும்போது அவள் பெரியவளாகியிருந்தாள். "எவரிக்கீ செப்பொத்து, ஓகே?" என்று தெலுங்கில் மீனிடம் கெஞ்சினாள். யாரிடமும் சொல்லாதே! அத்தைக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, தெரிந்தால் ஊரைக் கூட்டிச் சடங்கு வைத்துவிடுவாள் என்ற பயம் அவளுக்கு. ஹாரிகாவுக்கு மட்டும்தான் தெரியுமாம்.

ஹாரிகா எதிர்வீட்டுத் தெலுங்குப் பெண். ஒரே வகுப்பு, ஒரே ஆட்டோ. தன்யாவுக்கு இருந்த ஒரே தோழி.

நான் வரும் வழியிலேயே நாப்கின் வாங்கி வந்து அவள் அலமாரியில் வைத்தேன். "பயப்படாத மக்ளே, அத்தைட்ட சொல்லமாட்டேன். சடங்கெல்லாம் ஒண்ணும் கெடையாது," என்று காதில் சொன்னேன். எவ்வளவு பெருமை எனக்கு! பெற்றவள் செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேனாம்!

அவள் முகம் வெளிறியது. "கிஸ்னே போலா?" என்றாள். யார் சொன்னது?

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்... "யாரும் சொல்லல மக்ளே, எனக்கா தோணுச்சி," என்றேன்.

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? சடங்கைப் பற்றிய பயத்தை அவள் ஹாரிகாவிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். மீனையா கணக்கில் சேர்ப்பாள்?

மறுநாளிலிருந்து ஆட்டோவில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாரிகா எங்கள் கேட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நேனு மீக்கு ஏமீ செப்பலேது கதா? மீரே தன்யாக்கி செப்பண்டி!" நான் உங்களிடம் எதுவும் சொல்லவில்லையே, நீங்களே அவளிடம் சொல்லுங்கள் என்று தேம்பினாள். மாடி ஜன்னலில் தன்யா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் அரைகுறைத் தெலுங்கில், உங்கள் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

ஒரு குழந்தை என் முகத்தைப் பார்த்து நியாயம் கேட்டது... நான் 'சித்தி' என்ற ஒரு சொல்லைக் காப்பாற்றிக்கொண்டேன்.

கேமராவை அன்றே உடைத்துக் குப்பையில் போட்டேன். அதனால் என்ன? சாட்சியை அழித்தேன், அவ்வளவுதான். அதன் பிறகு எதிர்வீட்டு அம்மாள் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். தன்யா என்னைச் சற்று அதிகம் உற்றுப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இவளுக்குத் தெரியுமோ? தெரிந்தும் நடிக்கிறாளோ? இல்லை, நடிக்கவில்லை. அவளுக்கு இப்போது உலகத்தில் எல்லோர் மேலும் சந்தேகம், என்னைத் தவிர. புதிதாக யாரோடும் அவள் பழகவில்லை.

சென்ற மாதம் ஹாரிகாவின் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. எதிர்வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறின. ஹாரிகா கடைசியாகக் காரில் ஏறும்போது எங்கள் பால்கனியை நிமிர்ந்து பார்த்தாள். தன்யா என்னோடுதான் நின்றாள். சொல், இப்போதாவது சொல்... என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார் தெருமுனை திரும்பும் வரை நேரம் இருந்தது.

கார் திரும்பிவிட்டது.

தன்யா என் தோளில் சாய்ந்தாள். இப்போது அவள் தமிழ் பேசுகிறாள், என் ஊர்த் தமிழ். "போட்டும் சித்தி. நீங்க எங்கிட்ட பொய் சொல்லமாட்டீங்கல்லா?"

"மாட்டேன் மக்ளே," என்றேன்.