பெரியம்மா போட்ட ஏழு டிக்

என் பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. துவைத்து வரும் போர்வைகளைப் பிரித்து, கிழிசல் பார்த்து, பட்டியலில் டிக் போட வேண்டும். அங்கே டிக் என்றால் பார்த்தாயிற்று, குறையில்லை என்று அர்த்தம். டாக்டர்களுக்கே பயப்படாத ஆள். தலையணை உறை ஒன்று குறைந்தால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போய் நின்று கத்துவார்.

வெளிநாட்டில் இருக்கும் அவர் மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக இருந்தது. பெரியம்மாவுக்கு வியாழக்கிழமை விமானம். எங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் விசா தேவையில்லை. ஆனால் கிளம்புமுன் இணையத்தில் ஒரு பயண அனுமதி வாங்கியே ஆக வேண்டும். திங்கட்கிழமை போனிலேயே படிவத்தைத் திறந்து பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் நான் அடித்தேன். கடைசியில் ஏழு கேள்விகள். "இதை மட்டும் நீங்களே படிச்சுப் போடுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டு, பயணத்துக்கென்று அவர் வாங்கிய புதுச் செருப்பில் ஒன்றை ஒளித்து வைக்கப் போனேன். எதையாவது ஒளித்து, புளுகி அவரை ஏமாற்றுவது என் அன்றாட விளையாட்டு. திரும்பி வந்து, பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. நகலைத் திறந்தேன். ஆமாம் என்றால் மட்டும் போட வேண்டிய டிக், ஏழு கேள்விக்கும் இருந்தது.

"பெரியம்மா, நீங்க ஆள் கடத்துனீங்களா?"

"வாயைக் கழுவுடி!"

"ஆமான்னு டிக் போட்டிருக்கீங்களே. குண்டு வச்சதுக்கும் ஆமா. தொத்து வியாதிக்கும் ஆமா."

"ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்தேன். பாத்ததுக்குத்தானேடி டிக்கு?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அனுப்பியதைத் திருத்த முடியாதாம். உதவி முகவரிக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, பெரியம்மா டிக் போட்ட சலவைப் பட்டியலையும் படமெடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. அக்காவிடம் சொல்லவில்லை. வாசல் மணி அடித்தால் பெரியம்மா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"போலீஸ் வந்தா மாத்துத் துணி எடுத்துக்க விடுவாங்களாடி?"

நக்கலாக ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

புதன்கிழமை மதியம் போன் சிணுங்கியது.

"நீயே பாரு. எனக்குக் கண்ணு தெரியல." கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"கெடச்சிருச்சு பெரியம்மா!"

"இதுல விளையாடாதடி. உன் கால்ல வேணா விழுறேன்."

போனை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இத்தனை நாள் புளுகியதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன சொன்னாலும் நம்பப் போவதில்லை. ஓடிப்போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தச் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தேன்.

அதைப் பார்த்த பிறகுதான் பெரியம்மா அழ ஆரம்பித்தார்.